புது கிரெட்டா எப்போ வரும்? வெட்டூர்ணிமடத்தில் இருந்து ஒரு கணக்கு

குமரி மாவட்டம் வேர்க்கிளம்பியில் வீடு, மஸ்கட்டில் வேலை, இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “வீட்டுக்கு ஒரு டீசல் ஹூண்டாய் கிரெட்டா எடுக்கலாம் என்று மார்த்தாண்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ‘இந்த ஓணத்துக்குள்ள புது மாடல் வந்துரும், இப்ப எடுத்தா பழசாயிரும்’ என்று அத்தான் தடுக்கிறார். கியா செல்டாஸ் மாறிவிட்டதே, கிரெட்டா ஏன் இன்னும் மாறவில்லை? உண்மையில் எப்போது மாறும்? மற்ற கம்பெனிகளின் எஸ்யூவிகள்?”

முதலில் என் பதில். புது கிரெட்டா இந்த ஓணத்துக்கு வராது என்பது என் கணிப்பு. 2027இல் வரும், அதிலும் முதல் பாதியில் வர வாய்ப்பு அதிகம். கம்பெனி யாரும் என் காதில் வந்து சொல்லவில்லை. பதினெட்டு வருஷமாகப் பழைய வண்டி வாங்கி விற்கிறவன், அதற்கு முன்னால் சர்வீஸ் அட்வைசராக இருந்தவன் என்ற முறையில் போட்ட கணக்கு, அவ்வளவுதான். உங்கள் அத்தான் சொல்வதும் வெறும் வாய்ப்பேச்சு இல்லை. காலண்டரை வைத்துக் கூட்டிப் பார்த்தால் அவர் சொல்கிற இடத்துக்குத்தான் வந்து நிற்கும். ஆனால் காலண்டர் பாதிதான் சொல்லும்.

அதற்கு முன்னால், ‘புது மாடல்’ என்று எதைச் சொல்கிறோம் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். ஷோரூமில் எல்லாவற்றையும் ‘புதுசு’ என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குப் பெயின்ட் அடித்து, வாசல் கேட்டை மாற்றினால் அது ஃபேஸ்லிஃப்ட், அதாவது முகமாற்றம். வீட்டை இடித்துக் கட்டினால் அதுதான் புதுத் தலைமுறை. கண்டுபிடிப்பது எளிது. வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கதவு, கூரை, ஜன்னல் கோடு மாறவில்லை என்றால் அது பழைய வீடுதான். இரும்புத் தகட்டை அழுத்தி எடுக்கும் அச்சு செலவு பிடித்த சமாச்சாரம், அதை லேசில் மாற்ற மாட்டார்கள். பம்பர், விளக்கு, கிரில், டேஷ்போர்டு எல்லாம் பெயின்ட் வேலை.

போன மாதம் என் யார்டில் 2021 கிரெட்டா ஒன்றும் 2024 கிரெட்டா ஒன்றும் அடுத்தடுத்து நின்றன. இரண்டும் வெள்ளை. வேலைக்கு நிற்கும் பையனைக் கூப்பிட்டு, முன்னாலும் பின்னாலும் போகாமல் கதவுப் பக்கம் மட்டும் நின்று எது புதுசு சொல் என்றேன். அலாய் வீலைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான், கடைசியில் பழையதைப் புதுசு என்றான். அவன் மேல் தப்பில்லை. 2024 ஜனவரியில் வந்தது முகம் மாற்றிய 2020 வண்டி.

பெயர் மாறினாலும் ஏமாறக் கூடாது. மஹிந்திராவின் எக்ஸ்யூவி 300, 2024இல் 3எக்ஸ்ஓ ஆனது. எக்ஸ்யூவி 700, 2026 ஜனவரியில் 7எக்ஸ்ஓ ஆனது. உள்ளே நிறைய மாற்றம் உண்டு, நல்ல மாற்றம்தான். ஆனால் அடித்தளம் அதேதான். அந்தக் கம்பெனியில் பெயர்ப் பலகைக்கு வேலை அதிகம்.

சரி, காலண்டருக்கு வருவோம். முதல் கிரெட்டா 2015 ஜூலையில் வந்தது. 2018 மே மாதம் முகம் மாறியது. 2020 மார்ச்சில் முழுசாகப் புதுசு. அதாவது நாலு வருஷம் எட்டு மாசத்தில் ஒரு தலைமுறை முடிந்தது. இரண்டாவது தலைமுறைக்கு 2024 ஜனவரியில் முகம் மாறியது. அதே வீட்டின் இன்னொரு பிள்ளையான வென்யூவைப் பாருங்கள். 2019 மே மாதம் வந்து, 2022 ஜூனில் முகம் மாறி, 2025 நவம்பரில் முழுசாக மாறியது. ஆறரை வருஷம். பங்காளி வீட்டு செல்டாஸ் 2019 ஆகஸ்டில் வந்தது, 2023 ஜூலையில் முகம் மாறியது, 2026 ஜனவரியில் புதுத் தலைமுறை. அதுவும் ஏறக்குறைய ஆறரை வருஷம். 2020 மார்ச்சோடு ஆறரை வருஷத்தைக் கூட்டினால் 2026 செப்டம்பர். 2026 ஓணம் ஆகஸ்ட் கடைசியில், அதையொட்டி. அத்தானின் கணக்கு இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு கணக்கும் அவர் பக்கம்தான் சாய்கிறது. ஹூண்டாயும் கியாவும் ஒரே குடும்பம். செல்டாஸ் முதலில் வரும், ஆறேழு மாசம் கழித்து அதே அடித்தளத்தில் கிரெட்டா வரும். 2019 ஆகஸ்ட் செல்டாஸ், 2020 மார்ச் கிரெட்டா. 2023 ஜூலை செல்டாஸ், 2024 ஜனவரி கிரெட்டா. இரண்டு தடவையும் அச்சுப் பிசகாமல் நடந்தது. அப்படியென்றால் 2026 ஜனவரி செல்டாஸுக்குப் பின்னால் ஜூலை, ஆகஸ்டில் கிரெட்டா வர வேண்டும், இல்லையா?

இந்த இடத்தில்தான் நான் பிரிகிறேன். கம்பெனிக்காரன் வண்டியின் வயசைப் பார்த்து மாடலை மாற்றுவதில்லை. நெருக்கடி வரும்போது மாற்றுகிறான். நெருக்கடி என்றால் இரண்டுதான்: ஒன்று அரசாங்கச் சட்டம், இன்னொன்று பக்கத்துக் கடைக்காரன்.

2020 மார்ச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி. அதற்குக் கீழே உள்ள வண்டியை அந்தத் தேதிக்கு மேல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018லேயே சொல்லிவிட்டது. எப்படியும் இன்ஜின், சைலன்சர் பக்கம் எல்லாம் மாற்றியாக வேண்டும். அந்தச் செலவை ஐந்து வயசான வண்டியில் போடுவதை விட புது வண்டியில் போடுவது புத்திசாலித்தனம். அதனால் நாலு வருஷம் எட்டு மாசத்திலேயே கிரெட்டா மாறியது. மார்ச் 16இல் விலை சொன்னார்கள், 25ஆம் தேதி ஊரே அடைப்பு. அந்த அவசரத்துக்குக் காரணம் வண்டியின் வயசு இல்லை, ஏப்ரல் 1.

நெருக்கடி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு பொலேரோ இருக்கிறது. 2000இல் வந்த வண்டி. மூக்கு குட்டையானது, இன்ஜின் மாறியது, விளக்கு மாறியது. ஆனால் குலசேகரம் ரப்பர் தோட்டத்துக்காரர் யாரையாவது கேட்டால், “அதே வண்டிதானே” என்பார். வாங்குகிறவர்கள் அது மாறக் கூடாது என்று நினைக்கிறார்கள், மாற்றச் சொல்லி யாரும் நெருக்கவில்லை. டாடா நெக்சானும் 2017 செப்டம்பரில் வந்தது. 2020இலும் 2023இலும் இரண்டு தடவை முகம் மாறியதே தவிர, வீடு இடிக்கப்படவில்லை. எட்டு வருஷம் தாண்டிவிட்டது. காலண்டரை நம்பினால் அது எப்போதோ மாறியிருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமாக டொயோட்டா குவாலிஸ். 2000இல் வந்து, நம் ஊர் டாக்சி ஸ்டாண்டுகளில் அம்பாசிடரைத் துரத்திய வண்டி. நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே நிறுத்திவிட்டு 2005இல் இன்னோவாவை இறக்கினார்கள். அப்போது நாகர்கோவிலில் டாக்சி ஓட்டிய அண்ணன்மார் பலர் ‘கம்பெனிக்குப் பைத்தியம்’ என்றே பேசினார்கள். ஷெவர்லே டவேராவும் மற்றவர்களும் அதே வாடிக்கையாளரைப் பிடிக்க வந்துவிட்டதை அவர்கள் கவனிக்கவில்லை, கம்பெனி கவனித்தது.

இப்போது கிரெட்டாவுக்கு நெருக்கடி எங்கே இருந்து வருகிறது? பக்கத்துக் கடையில் சத்தம் ஆரம்பித்துவிட்டது, அது உண்மை. 2025 செப்டம்பரில் மாருதி விக்டோரிஸ், நவம்பரில் டாடா சியரா, ஜனவரியில் புது செல்டாஸ், அதே மாதம் ரெனோ டஸ்டரையும் திரும்பக் கொண்டுவந்து காட்டினார்கள். ஆனால் கிரெட்டா இன்னும் தள்ளுபடி கொடுத்துத் தள்ள வேண்டிய நிலைமைக்கு வரவில்லை. கேட்டு வருகிறவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நன்றாகப் பால் கறக்கிற மாட்டை யாரும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போக மாட்டார்கள்.

சட்டப் பக்கம் பார்த்தால், பெரிய தேதி 2027 ஏப்ரல். கஃபே என்று ஒரு விதி உண்டு. ஒரு கம்பெனி வருஷம் முழுக்க விற்கும் எல்லாக் கார்களையும் சேர்த்து, சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு கரியமில வாயு விடலாம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். மூன்றாம் கட்டம் 2027 ஏப்ரலில் தொடங்க வேண்டியது, அளவு இன்னும் இறுகும். இதில் ஒரு நுணுக்கம் பாருங்கள். நூறு பேர் வாங்கும் சொகுசு வண்டி புகை விட்டால் சராசரி அசையாது. அதிகம் விற்கிற வண்டி எதுவோ அதுதான் சராசரியை இழுக்கும். ஹூண்டாய்க்கு அந்த வண்டி கிரெட்டா. அதனால் கிரெட்டாவில் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மோட்டாரும் பேட்டரியும், வைப்பதுதான் அவர்களுக்குக் கணக்குத் தீர்க்கும் குறுக்கு வழி. 2029-30 நிதியாண்டுக்குள் 26 வண்டிகள் இறக்கப்போவதாகவும், அதில் ஹைபிரிட்களும் உண்டு என்றும் 2025 அக்டோபரில் அவர்களே முதலீட்டாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஹைபிரிட்டைப் பழைய உடம்பில் திணித்துவிட்டு ஒரு வருஷத்தில் உடம்பையும் மாற்றுவார்களா? மாட்டார்கள். இரண்டையும் ஒன்றாகத்தான் செய்வார்கள், அதையும் சட்டம் வரும் நேரத்தை ஒட்டித்தான் செய்வார்கள். 2020இல் செய்த அதே வேலை.

இன்னும் ஒன்று, எனக்கு இதுதான் பெரிய சாட்சி. கிரெட்டா எலெக்ட்ரிக் வந்தது 2025 ஜனவரியில். அது இப்போதைய கிரெட்டாவின் உடம்பிலேயே பேட்டரி வைத்துக் கட்டியது. அந்த உடம்பை ஒன்றரை வருஷத்தில் மாற்றினால், பெட்ரோல் வண்டி புது வடிவத்திலும் கரண்டு வண்டி பழைய வடிவத்திலும் ஒரே ஷோரூமில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். விலை அதிகமான வண்டி பழசாகத் தெரியும். எந்த விற்பனை மேலாளரும் அந்தத் தலைவலியை விரும்ப மாட்டார். அப்புறம், 2025 செப்டம்பரில் பத்து வருஷக் கொண்டாட்டம் என்று ‘கிரெட்டா கிங்’ போட்டார்கள். கடைசிக் காலத்தில்தான் இப்படிப் பட்டம் கட்டுவார்கள் என்று ஒரு பேச்சு தொழிலில் உண்டு. ஆனால் பட்டம் கட்டியவுடன் அரண்மனையைக் காலி செய்யச் சொல்வதில்லை. ஒன்றரை வருஷமாவது ஓட்டுவார்கள்.

வென்யூவின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். முகம் மாறியதில் இருந்து முழுசாக மாற அதற்கு 41 மாசம் ஆனது. கிரெட்டாவுக்கு 2024 ஜனவரியில் இருந்து 41 மாசம் எண்ணினால் 2027 ஜூன். சட்டக் கணக்கும் இந்தக் கணக்கும் ஒரே இடத்தில் வந்து முட்டுவதால்தான் 2027 முதல் பாதி என்கிறேன். என் கணக்கு தப்பினால் எந்தப் பக்கம் தப்பும் என்றும் சொல்லிவிடுகிறேன்: சியராவும் விக்டோரிஸும் கிரெட்டாவை உண்மையாகவே அடித்துவிட்டால், முன்னால் வந்துவிடும். அப்போது அத்தானுக்கு நான் ஒரு டீ கடன்.

வருவதற்கு முன்னால் எப்படித் தெரிந்துகொள்வது? சோதனை வண்டியைப் பாருங்கள். கொஞ்ச காலம் முன்னால் ஆரல்வாய்மொழியில், நான்குவழிச் சாலை ஓரம் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். சிவப்பு நம்பர் பிளேட்டில் இரண்டு வண்டி வந்து நின்றது. உடம்பு முழுக்க கறுப்பு வெள்ளைக் கோலம் போட்ட ஸ்டிக்கர். ஆரல்வாய்மொழிக் காற்று தெரியும்தானே, முப்பந்தல் காற்றாலை எல்லாம் சும்மாவா நிற்கிறது. பின் கதவுப் பக்கம் ஸ்டிக்கரின் ஓரம் பிய்ந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இறங்கிய பையன் ஒருவன் டீயைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையால் அதைத் தேய்த்துத் தேய்த்து ஒட்டினான். ஒட்டவே இல்லை. கடைசியில் செலோ டேப் எடுத்து ஒட்டினான். “எந்த வண்டி தம்பி?” என்றேன். சிரித்தான், பதில் இல்லை. அவன் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நான் பார்த்தது விளக்கை. தற்காலிகமாக மாட்டிய சின்ன உருண்டை விளக்காக இருந்தால் வண்டி வர இன்னும் ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். கடையில் விற்கப்போகிற அசல் விளக்கு மாட்டியிருந்தால் ஒரு வருஷத்துக்குள் வரும். அந்த வண்டியில் உருண்டை விளக்குதான். டீயைக் குடித்துவிட்டு நிம்மதியாக என் வேலையைப் பார்க்கப் போனேன்.

ஷோரூமிலும் அடையாளம் தெரியும். நாலைந்து வேரியன்ட் பட்டியலில் இருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும். நீங்கள் கேட்கிற நிறத்துக்கு “புக்கிங் எடுக்கல சார், இருக்கறதுல பாருங்க” என்பார்கள். காத்திருப்பு ஆறு வாரம் இருந்த வண்டி நாளைக்கே டெலிவரி ஆகும். எக்ஸ்சேஞ்ச் போனஸ் திடீரென்று தாராளமாகும். இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நடந்தால் சரக்கு காலி செய்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்று மட்டும் நடந்தால் மாசக் கடைசி டார்கெட், வேறொன்றும் இல்லை. நீங்கள் மார்த்தாண்டத்தில் கேட்டபோது என்ன சொன்னார்கள் என்று எழுதவில்லை. அதை எழுதினால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். சில வருஷங்களுக்கு முன்னால் மண்டைக்காடு கொடை சமயம் என் மைத்துனன் ஒரு எஸ்யூவி எடுத்தான். எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம் என்பது வேண்டாம். நல்ல தள்ளுபடி, கேட்ட மறுநாளே டெலிவரி. “புது மாடல் ஏதாவது வருதா?” என்று நானே கேட்டேன். “அடுத்த வருஷம் வரைக்கும் கிடையாது சார்” என்றார்கள். வண்டியைக் கோவிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசுக்கி வந்தான். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்கவில்லை, மூன்றாவது வாரம் டிவியில் புது வண்டியின் விளம்பரம். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் மனைவி என்னைப் பார்த்த பார்வைதான் இன்னும் மறக்கவில்லை. நாலு வருஷம் கழித்து அந்த வண்டியை நானே விற்றுக் கொடுத்தேன். அதே வருஷத்துப் புது வடிவ வண்டி போன விலையை விட லட்சத்துக்குப் பக்கத்தில் குறைவாகத்தான் போனது. ஆனால் வாங்கும்போது அவனுக்குக் கிடைத்த தள்ளுபடியும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் பணத்தில் பெரிய நஷ்டம் இல்லை. நஷ்டமெல்லாம் மனசில்தான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாடல் மாறுவதற்கு மூன்று மாசம் முன்னால், தள்ளுபடி இல்லாமல் வாங்கினால்தான் உண்மையான நஷ்டம். ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும்போது வாங்கினால், அந்த ஒரு வருஷம் ஓட்டின ஓட்டத்தில் அது கரைந்துவிடும்.

காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. புது ஈகோஸ்போர்ட்டுக்காகக் காத்திருந்தவர்கள் நம் மாவட்டத்திலேயே எத்தனை பேர்! 2013இல் வந்த வண்டி, 2017 கடைசியில் முகம் மாறியது, அடுத்து முழுசாக மாறும் என்று உட்கார்ந்திருந்தார்கள். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. டஸ்டர் கதை வேறு மாதிரி. 2012இல் இங்கே வந்தது. வெளிநாட்டில் 2017இல் இரண்டாம் தலைமுறை வந்தது, அது இந்தியாவுக்கு வரவே இல்லை. இங்கே பழசையே ஓட்டி 2022இல் நிறுத்தினார்கள். நடுவில் ஒரு தலைமுறையையே தாண்டிக் குதித்து இப்போதுதான் வந்திருக்கிறது. காத்திருந்தவருக்குப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போயிருப்பார்கள்.

விலையையும் யோசியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், முன்பு இருந்த செஸ் என்ற கூடுதல் வரி இல்லை. அதனால் கிரெட்டா மாதிரி வண்டிகள் முன்பை விட மலிவாகத்தான் கிடைக்கின்றன. அதற்கு மேல் நம் மாநிலச் சாலை வரி: 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம், அதற்குக் கீழே வீதம் குறைவு. புதுத் தலைமுறை வண்டி பழைய விலையில் வராது. நீங்கள் பார்க்கும் உயர்ந்த வேரியன்ட் இப்போது 20 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது என்றால், புதுசில் அது கோட்டைத் தாண்டும். விலையும் ஏறும், ஏறிய விலைக்கு வரி வீதமும் ஏறும்.

இந்த வரிக் கணக்கு வண்டியின் நீளத்தையும் மாற்றிக்கொண்டிருக்கிறது. நாலு மீட்டரைத் தாண்டிவிட்டால் 4.3 மீட்டருக்கும் 4.6 மீட்டருக்கும் வரி ஒன்றுதான். அப்புறம் எதற்குச் சின்னதாகக் கட்ட வேண்டும்? பழைய செல்டாஸ் 4,365 மில்லிமீட்டர், புதுசு 4,460. இப்போதைய கிரெட்டா 4,330. அடுத்த கிரெட்டாவும் செல்டாஸின் அடித்தளத்தில்தான் வரும் என்று எதிர்பார்க்கலாம். அப்படி வந்தால் நீளத்தில் அரை அடியும், அகலத்தில் இரண்டு விரற்கடையும் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரருக்கு இது பெரிய விஷயம் இல்லை. நம் ஊரில், ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் ஓடை என்று இருக்கிற முடுக்குக்குள் திருப்புகிறவனுக்குத்தான் அரை அடியின் அருமை தெரியும்.

டீசல் போய்விடுமோ என்ற பயத்தில் அவசரப்பட வேண்டாம். புது செல்டாஸில் 1.5 லிட்டர் டீசலை விடாமல் வைத்திருக்கிறார்கள். அதே இன்ஜின் அடுத்த கிரெட்டாவிலும் தொடரும் என்றுதான் படுகிறது. ஆனால் நீங்கள் மஸ்கட்டில் இருந்துகொண்டு, வண்டியை வீட்டில் அப்பா வாரத்துக்கு ஒரு தடவை தக்கலை வரை எடுப்பார் என்றால், டீசலே வேண்டாம். இப்போதைய டீசல் வண்டிகளில் சைலன்சர் பக்கம் கரி பிடிக்கும் ஃபில்டர் ஒன்று உண்டு. அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள அவ்வப்போது நீள ஓட்டம் வேண்டும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டமாகவே ஓடினால் விளக்கு எரியும், ஷோரூமுக்கு நடக்க வேண்டும். என்னிடம் விற்பனைக்கு வரும் குறைந்த ஓட்ட டீசல்களில் பாதிப் பேர் சொல்லும் குறை இதுதான். இதைக் கேள்விக்குள் நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

மற்ற வண்டிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரெஸ்ஸா 2016இல் வந்து 2022 ஜூனில் முழுசாக மாறியது. அதனால் அடுத்து முகமாற்றம்தான், முழு மாற்றத்துக்கு 2028 ஆகலாம். நெக்சானுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது நடக்கிறது. 2023 செப்டம்பருக்கு அடுத்த முறை வீட்டையே இடிப்பார்கள் என்று நினைக்கிறேன், அதுவும் அதே 2027 ஏப்ரலை ஒட்டித்தான் இருக்கும். மஹிந்திராவுக்குக் காலண்டரில் ஒரே ஒரு நாளைக் குறித்துவையுங்கள்: ஆகஸ்ட் 15. 2020 தார், 2024 தார் ராக்ஸ் எல்லாம் அந்த நாளில்தான். 2025 ஆகஸ்ட் 15இல் விஷன் என்ற பெயரில் நாலு மாதிரி வண்டிகளைக் காட்டி, 2027 முதல் தயாரிப்புக்கு வரும் என்று சொல்லிவிட்டார்கள். டொயோட்டா ஃபார்ச்சூனருக்கு, அதே அடித்தளத்தில் வரும் பிக்கப் வண்டியான ஹைலக்ஸைப் பார்த்தால் போதும். 2015இல் வெளிநாட்டில் புது ஹைலக்ஸ் வந்த கொஞ்ச நாளில் புது ஃபார்ச்சூனர் காட்டினார்கள், இந்தியாவுக்கு 2016 நவம்பரில் வந்தது. புது ஹைலக்ஸ் 2025 நவம்பரில் தாய்லாந்தில் வந்துவிட்டது. மிச்சத்தை நீங்களே கூட்டிக்கொள்ளலாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். லீவு முடிவதற்குள் வண்டி கையில் வேண்டும், விற்காமல் ஏழெட்டு வருஷம் வைத்திருப்பேன் என்றால் இப்போதே எடுங்கள். ஆனால் 2025இல் செய்த வண்டியை 2026 விலைக்குத் தலையில் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன் சேஸிஸ் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான கம்பெனிகளில் பத்தாவது எழுத்துதான் செய்த வருஷம். ‘எஸ்’ (S) என்றால் 2025, ‘டி’ (T) என்றால் 2026. ‘எஸ்’ வண்டியும் மோசம் இல்லை, அதற்குத் தகுந்த தள்ளுபடி கேட்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வண்டி மாற்றுகிற ஆள் நீங்கள் என்றால் 2027 வரை பொறுங்கள். அதுவும் புதுசு வந்த முதல் மாசமே பாயாதீர்கள். முதல் ஆறு மாசத்தில் வரும் சில்லறைக் குறைகளை நாகர்கோவில்காரர்கள் அனுபவித்து முடித்த பிறகு, வேர்க்கிளம்பிக்கு எடுத்தால் போதும்.

எதைச் செய்தாலும் அதற்கு முன்னால் ஒரு டேப் எடுத்து வீட்டுக் கார் ஷெட்டின் நீளத்தை அளந்துவிடுங்கள். பின் கதவு திறக்கவும், அப்பா சுற்றி நடந்து வரவும் இடம் விட்டு, உள்ளே பதினாறு அடி இருந்தால் எந்தக் கவலையும் இல்லை. பதினாலரைக்குக் கீழே என்றால் புது கிரெட்டாவுக்காகக் காத்திருக்கிற பேச்சே வேண்டாம், ஷட்டரை இழுத்து மூட முடியாது. அளவை எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.